டீச்சர் போட்ட அட்டெண்டன்ஸ்

டீச்சரின் குரல் முதன்முதலில் எங்கள் குழுவுக்குள் வந்தபோது பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பாடம் தொடங்குகிறவர் மாதிரியே பேசினார். "வணக்கம். பசுமலையில இருந்து பேசுறேன். நான் கணக்கு டீச்சர். எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியுது. அதனால இந்தக் குரூப்ல நான் இருக்கலாமா கூடாதான்னு தெரியல. கூடாதுன்னா சொல்லிருங்க, போயிடுறேன்." கொஞ்சம் தெரிகிறது என்பதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை என்று அழுதுகொண்டுதான் வருவார்கள்.

அது பார்வையில்லாதவர்களுக்கான வாட்ஸ்அப் குழு. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. போனை எப்படிப் பேசவைப்பது, அது ஓயாமல் பேசினால் எப்படி வாயை அடைப்பது, மாத்திரை அட்டையில் இருப்பதை எப்படி வாசிக்கவைப்பது, ஆட்டோவை ஆப்பில் கூப்பிட்டுவிட்டு டிரைவரிடம் எங்கே நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடும். எழுத்து கிடையாது, குரல் மட்டும்தான். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சிம்மக்கல்லில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆளுக்கொரு செல்போன் வந்தபிறகு என் மேசை போன் அடிப்பதே அபூர்வம். ஆகவே குழுவுக்கு வரும் கேள்விகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்லும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. 'இங்க', 'அங்க', 'இப்படி' என்ற சொற்களை யாரும் சொல்லக்கூடாது. பார்வையுள்ளவர்கள் "இங்க அமுக்குங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே எங்களைச் சாகடித்திருக்கிறார்கள். மேல்பக்கம் வலது மூலை, அதிலிருந்து ஒரு விரல்கடை கீழே என்றுதான் நாங்கள் வழி சொல்வோம். வாய் தவறி 'இங்க' என்று சொல்லிவிட்டவரை ஒரு வாரத்துக்குக் கேலி செய்து தீர்ப்போம்.

டீச்சரை வரவேற்றது திருமங்கலத்து மதினி. எல்லோருக்கும் அவர் மதினிதான். கண் போனபிறகுதான் சமையலே ஒழுங்காக வந்தது என்று சொல்கிற ஆள். "இருங்க டீச்சர், யாரு உங்களப் போகச் சொன்னது? முழுசாத் தெரியாம வந்தவகளுக்கே நாங்க எடம் குடுக்கோம், உங்களுக்குக் குடுக்க மாட்டோமா" என்றார். கையோடு முதல் யோசனையும் சொன்னார். மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, போனின் பின்பக்கத்தில் கேமரா இருக்கும் இடம், எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட வேண்டும், விரல் வைத்தால் தட்டுப்படும். டீச்சர் சிஎஸ்ஐ சபைக் குடும்பம். பிறந்ததிலிருந்து பொட்டு வைத்தறியாதவர் பழங்காநத்தத்தில் ஒரு ஃபேன்சி கடையில் போய்ப் பொட்டு அட்டை கேட்டிருக்கிறார். கைப்பையில் அதைப் பார்த்த மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். டீச்சர் இதை விலாவாரியாகச் சொன்னபோது குழுவே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது மிகக் குறைவு, அதனால் இது நன்றாக நினைவிருக்கிறது.

சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். விழித்திரையில் வியாதி. முதலில் இருட்டில் தெரியாமல் போயிற்று. பிறகு ஓரங்கள் போயின. நடுவில் ஒரு பொத்தானளவு தெரிந்துகொண்டிருந்தது, அதுவும் நாளுக்கு நாள் தேய்ந்தது. கண் ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறார். கணக்குப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். பிள்ளைகளை எழுப்பிக் கணக்கை வாசிக்கச் சொல்வார், தான் பலகையில் போடுவார். ஒருநாள் முந்தைய வகுப்பில் எழுதி அழிக்காமல் விட்டிருந்ததன் மேலேயே ஒரு பின்னக் கணக்கை முழுசாகப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். "பிள்ளைக சிரிக்கல தம்பி. சிரிச்சிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அம்புட்டுப் பேரும் அமைதியா இருந்தாங்க. அப்பதான் அதுகளுக்கு எல்லாம் தெரியும்னு எனக்கு ஒறச்சுச்சு."

விஷயம் தாளாளர்வரைக்கும் போய்விட்டது. அது அரசு உதவி இல்லாத பள்ளி, நிர்வாகம் வைத்ததுதான் சட்டம். தாளாளர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும். அவர் டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாடம் நடத்துவதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இப்போது அட்டெண்டன்ஸ், மார்க் எல்லாம் பள்ளிக்கூட ஆப்பில்தான் ஏற்றவேண்டும், அதை யார் துணையும் இல்லாமல் வகுப்பில் நின்று செய்துகாட்டினால் தொடரலாம், முடியாவிட்டால் கௌரவமாக ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது தம்பி. கிளாஸ்ல நிக்க மட்டும்தான் தெரியும். அங்க இருந்து என்ன எறக்கிவிட்டுட்டா நான் வீட்டுக்குள்ள என்ன செய்வேன்? சுவரத் தடவிக்கிட்டு நிப்பேனா?" அவர் 'அங்க' என்று சொன்னதற்கு அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

குழு மொத்தமும் அந்த அட்டெண்டன்ஸுக்காக இறங்கியது. இத்தனை பேர் இப்படி ஒரே காரியத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அதற்குமுன் கண்டதில்லை. போனைப் பேசவைத்து, ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளத் தள்ள ஒவ்வொரு பெயராக வரும். பெயருக்கு அடுத்த பொத்தான் 'வந்தார்', அதற்கடுத்தது 'வரவில்லை'. வேண்டியதில் நின்று இரண்டு தட்டு. கேட்க இவ்வளவுதான், ஆனால் பார்வையோடு நாற்பது வருஷம் வாழ்ந்த விரலுக்கு அது லேசில் வராது. டீச்சரின் விரல் திரையைத் தேய்த்துக்கொண்டே போகும், பெயர்கள் தாவித் தாவி ஓடும். ஆப்பில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த இயந்திரக் குரல் பாண்டியம்மாளையும் முத்திருளனையும் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டது. "என் பிள்ளைகளுக்கெல்லாம் இது வேற பேரு வச்சிருச்சு" என்பார். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்ட வேண்டும், மற்றக் காது வகுப்புக்கு என்று சொல்லிக்கொடுத்தோம். குரலின் வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டச் சொன்னோம். கடைசியில் அவர் கேட்ட வேகத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அது வண்டுச் சத்தம் மாதிரிதான் இருந்திருக்கும்.

போன் திரையின் விளக்கை அணைப்பதை அவர் குழுவுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தோம். புதிதாக வருகிற எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம். திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டாலும் போன் வேலை செய்யும், பேசும், தட்டினால் கேட்கும். எங்களுக்குத் திரையில் வெளிச்சம் எதற்கு? சார்ஜ் நிற்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரன் எட்டிப் பார்த்து நம் வீட்டு விஷயத்தை வாசிக்கமாட்டான். டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மிச்சமிருந்த பொத்தானளவு பார்வை வெளிச்சத்தைத் தேடித் தேடி அவரைக் குழப்பிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தபிறகு விரலும் காதும் மட்டும் வேலை செய்தன, ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. அன்றிலிருந்து அவர் விளக்கைப் போடுவதையே விட்டுவிட்டார்.

செய்துகாட்டும் நாளன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். டீச்சரின் கணவர், நாங்கள் சார் என்று கூப்பிடுவோம், எங்கள் இருவரையும் ஆட்டோவில் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வீட்டு ஆள் கூட நின்றால் அவர் உதவி செய்தார் என்று பேச்சு வரும் என்று டீச்சரே அவரைப் போகச் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பு பி பிரிவு, முதல் பீரியட். கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தாளாளரும் தலைமையாசிரியையும் பின் பெஞ்சுக்குப் போனது காலடியில் தெரிந்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், குரலில் பிசிறே இல்லை. பிள்ளைகள் "பிரசெண்ட் மிஸ்" என்றார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவர் அரை நொடி நின்று அடுத்த பெயருக்குப் போனார். அந்த அரை நொடியில் அவர் விரல் சரியான இடத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறது என்று எனக்குத் தெரியும்.

"முடிஞ்சிருச்சு சார். சப்மிட் பண்ணிட்டேன்" என்றார் டீச்சர். பின் பெஞ்சிலிருந்து சத்தமே இல்லை. ஃபேன் சுற்றும் ஓசை மட்டும். யாரோ பெஞ்சை மெல்ல நகர்த்தினார்கள். நான் அதை வியப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், அசந்துபோய் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்கூட வந்தது. கொஞ்சம் பொறுத்துத் தாளாளர் எழுந்து வந்தார். "ரொம்ப சந்தோஷம்மா. கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்" என்றார். தலைமையாசிரியை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். வெளியே வந்ததும் டீச்சர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்து, "ஒருத்தரக்கூட விடல தம்பி" என்றார். அங்கேயே நின்று குழுவுக்குச் செய்தி அனுப்பினோம். திருமங்கலத்து மதினி குலவையே போட்டு அனுப்பினார்.

சாயங்காலம் சார் வீடு திரும்பியிருக்கிறார். டீச்சர் காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், "அவங்க முன்னாடி ஸ்கிரீன் லைட்டப் போட்டிருந்தியா?" என்று. அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. "தம்பி, நாம வெளக்கப் போடல" என்றார் டீச்சர். எனக்கு உடனே பிடிபடவில்லை. கறுப்பு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? சார் போனை வாங்கி நிதானமாகச் சொன்னார். கறுப்பாக இருக்கிற போன், பார்க்கிறவர்களுக்குச் செத்த போன். வயரைக் காதில் மாட்டிக்கொண்டு, செத்த போனைத் தடவிக்கொண்டு, மனப்பாடமாக இருக்கும் பெயர்களைச் சொல்லிவிட்டு, சப்மிட் பண்ணிவிட்டேன் என்று சொன்ன ஒரு பெண்மணியைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வகுப்பறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்று உண்டு. நல்ல கண்ணோடு ஒருவர் அப்படி நின்றிருந்தால், "என்னம்மா, போன் ஆஃப்ல இருக்கே" என்று தாளாளர் கேட்டிருப்பார். ஒரு வார்த்தை போதும். டீச்சர் சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டுக் காட்டியிருப்பார், அத்தோடு முடிந்திருக்கும். பார்வையில்லாதவரிடம் அப்படிக் கேட்டால் மனசு புண்படுமே என்று மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மரியாதையை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை தனியாக உட்கார்ந்து திட்டிப் பார்த்துவிட்டேன், மனம் அடங்கவில்லை.

ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளியிலிருந்து தகவல் வந்ததும், அடுத்த வாரம் டீச்சர், சார், நான் மூன்று பேரும் தாளாளர் அறைக்குப் போனோம். டீச்சர் விளக்கைப் போட்டு, இயர்போனைக் கழற்றிவிட்டு, போன் சத்தமாகப் பேச எல்லாவற்றையும் செய்துகாட்டினார். அன்றைக்கு ஏற்றிய அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டரில் இருக்குமே, பாருங்கள் என்றேன். இருந்தது. ஆனால் விட்டுப்போன வகுப்புகளுக்கு ஆபீஸில் இருக்கும் பெண்ணே ஏற்றிவிடுவது அங்கே பழக்கமாம். அன்றைக்கும் அவள்தான் ஏற்றியிருப்பாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நினைவில்லை என்றாள். "நான் நம்புறேம்மா" என்றார் தாளாளர் கடைசியில். "ஆனா வேற ஆள் போட்டாச்சு. பேரண்ட்ஸுக்கும் விஷயம் போயிருச்சு. பிள்ளைக பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க வேணா வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் குடுங்களேன்." டீச்சர் எழுந்துகொண்டார். "எனக்குப் பாட்டு வராது சார். கணக்குதான் வரும்" என்று மட்டும் சொன்னார். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

வழக்குப் போடலாம் என்று குழுவில் நாலு பேர் கிளம்பினார்கள். அதில் நானும் ஒருவன். டீச்சர்தான் தடுத்தார். "கேஸ் போட்டு ஜெயிச்சே போனாலும், அந்த ஸ்டாஃப் ரூம்ல யாரு என்கூட உக்காந்து டிபன் பாக்ஸத் திறப்பா? நான் செத்த போனத் தடவுனத அவங்க பாத்துட்டாங்க. இனிமே நான் என்ன செஞ்சாலும் அதுதான் அவங்க கண்ணுல நிக்கும்." அதற்குப்பின் குழுவில் அவர் பேசுவது நின்றுபோனது. மதினி மூன்று வேளையும் கூப்பிட்டுப் பேச்சுக்கொடுப்பார், டீச்சர் உம் கொட்டுவாராம். சார் ஒருநாள் என்னிடம் மெதுவாக, "வீட்டுல மாத்திரை மருந்தெல்லாம் மேல தூக்கி வச்சிருக்கேன் தம்பி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தச் சமயத்தில்தான் மிச்சமிருந்த பொத்தானளவு வெளிச்சமும் டீச்சரை விட்டுப் போனது.

பிறகு ஒருநாள் காலை, நான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில், அவரே கூப்பிட்டார். பழைய குரல். "தம்பி, இந்த வாரம் பூரா பாண்டியம்மா வரல. அவ அப்பனுக்குக் கட்டட வேல, ஊர் மாறிப் போயிட்டாங்களோ என்னமோ" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது, பள்ளிக்கூட ஆப்பிலிருந்து டீச்சரின் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. புது டீச்சர் காலையில் அட்டெண்டன்ஸ் போட்டதும் அது இவர் போனிலும் வந்துவிடுகிறது. இவர் சேலை மாற்றி, தலைவாரி, முதல் பீரியட் நேரத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதையும் தொடுவதில்லை, மாற்றுவதில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்பார், அவ்வளவுதான். முத்திருளனுக்குக் காய்ச்சலாக இருக்கும், மழை பெய்தால் அவன் வரமாட்டான் என்பார். பாண்டியம்மாள் திரும்பி வந்த அன்று எனக்குப் போன் போட்டுச் சொன்னார். சார் மாத்திரைகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். இது சரியா, இப்படி ஒருவரை விட்டுவைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்த வருஷம் அப்படியே ஓடியது. கோடை விடுமுறையில் பள்ளி எப்போது திறக்கும் என்று பிள்ளைகளைவிட அதிகமாக அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஏதோ தப்பாத் தட்டிட்டேன் போல இருக்கு. ஆப் உள்ள விடமாட்டேங்குது. பிள்ளைக எல்லாரும் ஏழாவதுக்கு வந்துட்டாங்களான்னு பாக்கணும்."

"என்ன சொல்லுது டீச்சர்?" என்றேன்.

"அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது. பாஸ்வேர்ட ரெண்டு தடவ மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். அப்டேட் ஏதும் வந்திருக்கா?"

புதுப் பள்ளி வருஷத்துக்கு ஆசிரியர்களின் பெயர்களைப் புதிதாக ஏற்றியிருப்பார்கள். அதில் அவர் பெயர் இருக்காது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எப்பேர்ப்பட்ட கோளாறுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற எனக்கு அன்றைக்கு வாயில் வந்தது இதுதான், "போனை ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாருங்க டீச்சர்."

"அட, அதச் செய்யலயே நானு" என்றார். அவர் குரலில் எவ்வளவு நிம்மதி. வைத்துவிட்டார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே சிம்மக்கல்லில் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன. யாரோ என் மேசையில் டீயை வைத்துவிட்டு, "ஆறிரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன் மறுபடி அடித்தது.

"அணைச்சுப் போட்டுட்டேன் தம்பி" என்றார் டீச்சர். "அடுத்து என்ன செய்யணும்?"